பூரி இருந்த மலை

அக்டோபர் 5, டெல்லி

இந்த நோட்டு என் பேத்தி இலக்கியா கொடுத்தது. அவள் ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்தாங்களாம். "நான் ஃபோன்லயே எழுதிக்குவேன். மலைக்குப் போறோம்ல, பாத்ததையெல்லாம் நீ இதுல எழுது அப்பத்தா" என்றாள். நான் மூணாங்கிளாஸ். அதுவும் முழுசா இல்லை. பாதியில் என் தம்பி பிறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேணும்னு பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்க. அவனே பேரன் எடுத்தாச்சு. நான் இன்னும் அவனை மன்னிக்கலை.

எழுத்து மறக்காமல் இருக்கிறதுக்குக் காரணம் அவருடைய கடுதாசிகள். அவர் என்றால் இலக்கியாவோட தாத்தா, சோலைமலை. மிலிட்டரியில் டிரான்ஸ்போர்ட். லாரி. கல்யாணம் ஆன அடுத்த வருஷத்திலிருந்து மூணு வருஷம் இமயமலையில் தேவ்கால் என்கிற ஊரில் போட்டிருந்தாங்க. முழங்கால் நல்லா இருக்கும்போதே அந்த ஊரை ஒரு தடவை பார்த்துடணும்னு ரொம்ப நாளாய்ச் சொல்லிக்கொண்டு இருந்தார். இலக்கியா ஏற்பாடு பண்ணிட்டாள்.

நான் ஊர் பார்க்கத்தான் போகிறேன். வேறொண்ணும் இல்லை.

பெட்டியில் வச்சது: இட்லிப்பொடி, தைலம், ரெண்டு ஸ்வெட்டர், கல்லுத்தோடு, மாம்பழக் கலர் பட்டு. "மலைக்கு எதுக்கு அப்பத்தா பட்டு?" என்றாள். யாரையாச்சும் பார்க்க வேண்டி வரும் என்றேன்.

அக்டோபர் 6, தேவ்கால்

காலையில் ரயில், மத்தியானம் கார். கடைசியில் கொண்டை ஊசி வளைவு பதினாலு. நான் எண்ணினேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. டிரைவரிடம் இந்தியில் என்னவோ சொல்லிச் சிரிச்சார். என்னிடம் அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு.

சரி, எழுதிடறேன். நோட்டு என்னுதுதானே.

அந்தக் கடுதாசியெல்லாம் எனக்கு மனப்பாடம். 1976 மார்கழியில் வந்தது: 'இங்கே குளிர் அதிகம். பூரி இருப்பதால் ஒரு குறையும் இல்லை.' என் நாத்தனார் தவமணிதான் அதைப் படிச்சுக் காட்டினாள். "எங்கண்ணன் அங்க பூரியாத் திங்குது, நீ இங்க கேப்பைக்கூழைக் குடி" என்று சிரிச்சாள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்ததிலிருந்து நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.

அடுத்தது: 'தினமும் பூரி முகத்தில்தான் விழிக்கிறேன்.' அதுக்கு அடுத்தது: 'பூரிக்கு இரண்டு நாளாகச் சளி. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.' தின்கிற பூரிக்குச் சளி பிடிக்குமா? எனக்கு அப்போ இருபது வயசு, கைப்பிள்ளைக்காரி. ஆனாலும் கூறு இருந்தது.

1977 பங்குனியில் வந்தது: 'இங்கே வீடு பார்த்துவிட்டேன். துரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. பூரியிடம் உன்னைப் பற்றி எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சாது.'

அவள் சாது.

நான் என் கையாலேயே ஒரு வரி எழுதிப் போட்டேன். 'நான் வரவில்லை. உங்களுக்குத்தான் அங்கே எல்லாம் இருக்கிறதே.' அதுக்கப்புறம் அவர் கூப்பிடலை. ஏன் வரலைன்னும் கேட்கலை. யார் அவள்னு நானும் கேட்கலை. நாப்பத்தேழு வருஷம். அன்றையிலிருந்து என் அடுப்பில் பூரி ஏறினது இல்லை. எனக்கு எண்ணெய் ஆகாதுன்னு வீட்டில் எல்லாரும் நினைச்சுக்கொண்டு இருக்காங்க.

அவள் உயிரோட இருந்தால் ஒரு தடவை பார்க்கணும். பார்த்தால் போதும்.

அக்டோபர் 7

ஊர் பேரில் கால் இருக்கிறதால் தேவனுடைய கால் போலன்னு நினைச்சுக் கும்பிட்டேன். இலக்கியா விழுந்து விழுந்து சிரிச்சாள். 'கால்' இல்லையாம், தொண்டையிலிருந்து காத்தோட சொல்லணுமாம். ரெண்டு மலைக்கு நடுவிலே கடக்கிற இடம்னு அர்த்தமாம். எழுதினால் ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?

நாங்கள் தங்கியிருப்பது ஒரு துரை வேட்டைக்கு வந்தால் தங்கக் கட்டின பங்களா. தகரக் கூரை, சிவப்புப் பெயிண்ட். ஒவ்வொரு ரூமிலும் சுவருக்குள்ளே அடுப்பு. சமைக்கிறதுக்கு இல்லை, காய்றதுக்கு. வெளியே தேவதாரு மரங்கள் அசையாமல் நிக்குது. எங்க ஊர் மாதிரி ஒலிபெருக்கி இல்லை, ஹாரன் இல்லை. என் காதுக்குள்ளேயே ஒரு சத்தம் கேட்டது. காது கேட்கலையோன்னு பயந்துட்டேன். ஊரே அப்படித்தானாம்.

காலைப் பலகாரத்துக்குச் சமையல்காரர் ஹயாத் சிங் பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார். நான் தட்டைத் தள்ளி வச்சேன். எங்க வீட்டுக்காரர் நாலு தின்னார். நல்லாத் திங்கட்டும்.

பனிமலை தெரியும்னு சொன்ன இடத்தில் மேகம்தான் தெரிஞ்சது.

அக்டோபர் 8

இன்றைக்குக் கோயிலும் கல்லறையும். கோயில் என்றால் துரைமார் கட்டின சர்ச். கருங்கல் சுவர், கலர் கண்ணாடி. வெயில் பட்டதும் என் வெள்ளை ஸ்வெட்டரில் நீலமும் சிவப்புமாய் விழுந்தது. நகராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். பெஞ்சுகளில் வரிசையாய் ஒரு பள்ளம் வெட்டியிருக்கு. சிப்பாய்கள் ஜெபம் பண்ணும்போது துப்பாக்கியைச் சாய்ச்சு வைக்கிறதுக்காம். சாமி கும்பிட வந்த இடத்தில்கூட யாரையும் நம்பலை. அது எனக்குப் புரியுது.

பின்னாலே கல்லறை. பாசி, காட்டு டெய்சிப் பூ. ஒரு கர்னல் துரை நடுவில், ரெண்டு பக்கமும் ரெண்டு பெண்சாதி. மூத்தவள் இருபத்தி மூணு வயசில் காய்ச்சலில் போனாள், அப்புறம் ரெண்டாவது கட்டினார்னு இலக்கியா கல்லைப் படிச்சுச் சொன்னாள்.

"இந்த ரெண்டு பேரும் பேசிக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"செத்தவங்க எங்க பேசறது?" என்றார் அவர்.

"நீங்க யார் பக்கம்?"

"நான் எதுக்கு இதுல வர்றேன்?" என்று சொல்லிவிட்டு வேகமாய் நடந்தார். அந்த முழங்காலுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ.

அக்டோபர் 9

அவரும் இலக்கியாவும் நூலகம் பார்க்கப் போனாங்க. கால் வலின்னு நான் தங்கிட்டேன். கால் வலிக்கலை.

ஹயாத் சிங்குக்கு அறுபது வயசு இருக்கும், இதே ஊர்க்காரர். கேட்டால் தெரியும். எனக்கு இந்தி நாலு வார்த்தைதான். அடுப்படிக்குப் போய், கையால் ஊரைச் சுத்திக் காட்டி, "பூரி... கிதர்?" என்று, பூரி எங்கேன்னு கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்து போச்சு. "பூரி! அச்சா, அச்சா!" என்றார். அவளைக் கூட்டிவரத்தான் போகிறார்னு அவசரமாய்த் தலைமுடியைச் சரி பண்ணிக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் ஆறு பூரியும் கொஞ்சம் ஊறுகாயும் வந்தது. பக்கத்திலேயே நின்னு நான் தின்கிறதைப் பார்க்கிறார். முந்தாநாள் தட்டைத் தள்ளினேனே, அந்த வருத்தம் அவருக்கு. ஒண்ணைப் பிட்டு வாயில் வச்சேன். அவர் உள்ளே போனதும் மிச்சத்தை வாசலில் கிடந்த கறுப்பு நாய்க்குப் போட்டேன்.

நல்லாத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாய் இருந்தது.

அக்டோபர் 10

மழை. 1979 புரட்டாசியில் ஒரு கடுதாசி: 'பூரி போய்விட்டாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.' அன்றைக்கு நான் பாயசம் வச்சுத் தெருவுக்கே கொடுத்தேன். தவமணிக்குக்கூட. ஆனால் போனவள் திரும்பி வராமலா இருப்பாள்?

அக்டோபர் 11

வந்த நாளிலிருந்து அவர் காலையில் தனியாய் ஒரு நடை போகிறார். இன்றைக்கு நான் பின்னாலேயே போனேன். செருப்புச் சத்தம் கேட்காமல் இருக்க ஸாக்ஸ் போட்டுக்கொண்டு. சாலையைத் தாண்டி ஒரு பெரிய பங்களா. அதுக்குப் பின்னால் கல்படி இறங்கினால் தண்ணீர்க் குழாய். நான் மரத்துக்குப் பின்னாலே நின்னேன்.

அவருக்கு எதிரில் ஒரு பொம்பளை. மூக்கில் பெரிய வளையம், தலையில் சிவப்பு முக்காடு, எலுமிச்சை நிறம். அவர் கையை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள். அவள் வாயிலிருந்தே ரெண்டு தடவை கேட்டேன். "பூரி! பூரி!" அவர் கண்ணைத் துடைச்சுக்கொண்டார்.

திரும்பி வந்துட்டேன். மத்தியானம் நல்லாச் சாப்பிட்டேன். அவளுக்கு என்னைவிடப் பத்து வயசு கம்மியாய்த் தெரியுது. அப்படின்னா அப்போ அவளுக்குப் பத்துப் பதினொண்ணு வயசுதானே ஆகணும்? கணக்கு இடிக்குது. மலைக்காத்தில் இருக்கிறவங்களுக்கு வயசு தெரியாது, அவ்வளவுதான்.

நாளைக்குப் பட்டு கட்டணும். தோட்டை எடுத்து வச்சுட்டேன்.

அக்டோபர் 12

நடந்ததை வரிசையாய் எழுதறேன். எழுத்து கோணலாய் வருது. குளிர்.

காலையில் மாம்பழப் பட்டு, கல்லுத்தோடு. ஸ்வெட்டர் போடலை. போட்டால் பட்டு தெரியாது. "இன்னைக்கு நானும் வர்றேன். அந்தக் குழாயடியைக் காட்டுங்க" என்றேன்.

அவருக்கு முகம் வெளுத்துப்போச்சு. "எந்தக் குழாயடி?"

"நீங்க தினம் போறது."

இலக்கியாவையும் இழுத்துக்கொண்டு போனேன். இந்தி பேச ஆள் வேணும். சண்டைன்னு வந்தால் ஊமையாய் நிக்க முடியாது.

அந்தப் பொம்பளை எங்களைப் பார்த்ததும் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள். புகை வாசம், எருமைப்பால் வாசம். "சாச்சி! சாச்சி!" என்கிறாள்.

"உன்னைச் சித்தின்னு கூப்பிடறாங்க அப்பத்தா."

"சித்தியா? எந்த முறையில?" என்றேன்.

அவள் பேர் கௌரா. பங்களா வாட்ச்மேன் மகள். தாத்தா இங்கே இருந்தப்போ பதினொரு வயசுப் பிள்ளை. கேட்கக் கேட்க எனக்குப் பட்டுச்சேலை கனத்தது. அப்போ பூரி யாரு?

கௌரா விடாமல் பேசினாள், இலக்கியா சொல்லிக்கொண்டே வந்தாள். "நாப்பத்தேழு வருஷம் லேட்டா வந்திருக்கீங்களாம். உங்களுக்காகத் தாத்தா ரெடி பண்ணின ரூம்லதான் இவங்க இப்ப இருக்காங்களாம். வந்து பாக்கச் சொல்றாங்க."

சின்ன ரூம். ஒரு ஜன்னல், அதில் முழுக்க மலை. கூரை உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி, அதில் வெங்காயச் சரம் தொங்குது. "அது தொட்டில் கட்ட அவர் அடிச்ச கொக்கியாம்" என்றாள் இலக்கியா. நான் வேற பக்கம் பார்த்தேன். பின்வாசலில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. கறுத்து, வழவழன்னு. பக்கத்தில் குழவி.

அம்மி. எங்க ஊர் அம்மி. அதே உயரம், அதே சாய்ப்பு.

"இதுக்கு இந்த ஊர்ல பேரு மதராஸிக் கல்லாம்," இலக்கியா சொன்னாள். "இங்க உள்ள கல்லு சின்னதா, தரையோட இருக்குமாம். உனக்கு அது சரிப்படாதுன்னு, சர்ச் சுவர் வேலைக்கு வந்த கொத்தனாரைப் பிடிச்சு, தாத்தா மண்ணுல படம் வரைஞ்சு காட்டிக் கொத்த வச்சாராம். ஆத்தங்கரையிலருந்து இங்க தூக்கிட்டு வந்தது பூரியாம்." அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "யாரு தாத்தா பூரி? பயில்வானா?"

அவர் தரையைப் பார்த்தார். செருப்பால் ஒரு தேவதாருக் காயை உருட்டினார். "கழுதை" என்றார்.

"யாரைத் திட்டறீங்க?" என்றேன்.

"திட்டலை பஞ்சு. பூரி கழுதை. கோவேறு கழுதை. நான் லாரி ஓட்டலை. டிரான்ஸ்போர்ட்டுன்னா கழுதை டிரான்ஸ்போர்ட்டு. ரேஷன், தண்ணி, எல்லாம் அதுக மேலதான் போகும். எனக்குக் கொடுத்தது பூரி."

இலக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிறுத்தலை. "எங்கப்பா என்னைச் சின்னதுலருந்து திட்டறதே நீ கழுதை மேய்க்கத்தான் லாயக்குன்னு. மிலிட்டரிக்குப் போய் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சா, முதல் நாளே கயித்தை எடுத்துக் கையில கொடுத்துட்டானுக. அதை எப்படிக் கடுதாசியில எழுதுவேன்? எங்கப்பா ஊரெல்லாம் லாரி லாரின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

ஊருக்கு வந்தப்புறம் செட்டியார் தன் லாரியை ஓட்டக் கூப்பிட்டார். இவர் கண்ணு சரியில்லைன்னு சொல்லிட்டு பேங்க் வாட்ச்மேன் வேலைக்குப் போனாரே. 1985 ஆடி மாசம். அப்பவே எனக்கு இடிச்சது.

"பூரின்னு எதுக்குப் பேரு?" என்று கேட்டேன்.

"செம்பட்டை நிறம். இந்தியில அப்படிச் சொல்லுவாங்க."

"பூரி இல்லை அப்பத்தா," என்றாள் இலக்கியா. "அதை வயித்துலருந்து காத்து விட்டுச் சொல்லணும். திங்கிறது வேற, இது வேற. தமிழ்ல அதுக்குத் தனியா எழுத்து இல்லை."

எழுத்து இல்லாத பேரை எதுக்கு வைக்கணும்?

கௌரா பூரிக்குப் புல் போட்டதைச் சொன்னாள். பனியில் பாதை தெரியாதப்போ இவர் அதோட வாலைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறுவாராம். அது நின்னால் நிக்கணும், அதுக்கு அந்தப் பக்கம் பள்ளம். 79இல் பூரியை மேலே வேற யூனிட்டுக்கு மாத்திட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியலை.

பாயசத்தைப் பத்தி நான் சொல்லலை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தலை சுத்திச்சு. உயரமான இடம் இல்லையா.

அக்டோபர் 13

காலையில் கௌரா வீட்டுக்கு நான் மட்டும் போனேன். பழைய சேலை, ஸ்வெட்டர். அம்மியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். தேங்காய் கிடைக்காது. மல்லித்தழை, பூண்டு, பச்சை மிளகாய், மலை எலுமிச்சை வச்சு அரைச்சேன். குழவி கைக்கு அடக்கமாய் இருந்தது. என் கைக்குத்தான் அளவு எடுத்த மாதிரி. எப்படித் தெரிஞ்சதோ அவருக்கு. கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம்தான் சேர்ந்து இருந்தோம்.

கௌராவும் நானும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டோம். அவள் மாமியாரைத் திட்டினாள். அது எந்தப் பாஷையிலும் புரியும்.

கோதுமை மாவு பிசைஞ்சு, தேய்ச்சு, எண்ணெய் காய வச்சு, அவரைக் கூப்பிட்டு விட்டேன். வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன பஞ்சு இது?"

"கண்ணு தெரியலையா? பூரி."

"உனக்கு எண்ணெய் ஆகாதே."

"மலையில ஆகுது."

ஏழு தின்னார். எட்டாவதைக் கையில் வச்சுக்கொண்டு ஊதி ஊதி உட்கார்ந்திருந்தார். அது எப்பவோ ஆறிப்போச்சு.

நாங்கள் அடுப்படியில் இருந்தப்போ வெளியே ஊரே கூச்சல் போட்டதாம். மேகம் விலகிப் பனிமலை முழுசாய்த் தெரிஞ்சதாம். இலக்கியா ஃபோனில் படம் எடுத்திருக்காள். நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் இருந்தேன். எட்டு நாள் காத்திருந்து அதைப் பார்க்கலை. என்னைக் கூப்பிடாத இலக்கியாவை இதுக்காக நான் மன்னிக்க மாட்டேன்.

அக்டோபர் 14, காரில்

எழுத்து ஆடுது. வண்டி ஆடுது.

அம்மியை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு கௌரா சொன்னாள். வேண்டாம்னுட்டேன். பூரி சுமந்துவந்து வச்ச இடத்திலேயே இருக்கட்டும். அவளும் அதில்தான் அரைச்சுப் பழகிட்டாள். கிளம்பும்போது ஒரு பை நிறைய ராஜ்மா கொடுத்தாள், நான் இட்லிப்பொடியைக் கொடுத்தேன். இட்லி இல்லாமல் அதை என்ன பண்ணுவாளோ.

முதல் வளைவு வர்றதுக்கு முன்னாடி அவர் கேட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாய், யாரையோ கேட்கிற மாதிரி.

"வான்னு எழுதினேனே. ஏன் வரலை?"

நாப்பத்தேழு வருஷம் கழிச்சு. குளிர்னு சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டையும் தயாராய் வச்சிருந்தேன், எத்தனையோ வருஷமாய்.

"கழுதைன்னு எழுதியிருந்தா வந்திருப்பேன்" என்றேன்.

இலக்கியா முன் சீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். ரெண்டாவது வளைவு, மூணாவது. அவர் உதடு அசையுது. பழைய கடுதாசியை மனசுக்குள் படிக்கிறார்னு எனக்குத் தெரிஞ்சது. நாலு. அஞ்சு. 'முகத்தில்தான் விழிக்கிறேன்' வரைக்கும் வந்திருப்பார். ஆறு.

ஏழாவது வளைவில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி. அவள் சாதுன்னு எழுதினேனே!"

"அதான்" என்றேன்.

"அப்ப வீட்டுல பூரி சுடாதது...?"

"ம்."

எட்டு, ஒன்பது, பத்து, மூணு வளைவுக்கும் சிரிச்சார். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிற அளவுக்கு, மூச்சு வாங்க. பதினொண்ணில் சிரிப்பு நின்னது. பன்னிரண்டில் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். குளிர். பதிமூணில் என் கையை எடுத்து அவர் முழங்கால் மேலே வச்சுக்கொண்டார். பேத்தி இருக்கிற வண்டியில், பட்டப்பகலில்.

கையை எடுத்திருப்பேன். வளைவாய் இருந்தது, பிடிமானம் வேணுமே.

ஊருக்குப் போனதும் கோதுமை மாவு வாங்கணும். தவமணியையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட வேண்டியதுதான். அவளுக்கு ரெண்டு பூரி போதும்.